அடுப்படி ஓயும் நேரத்தில் பாடம்: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

வீட்டிலேயே மெஸ் நடத்துகிறோம். காலை நாலரைக்கு அடுப்பு மூட்டினால் ஒன்பது மணிவரை ஓயாது. பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை மதியச் சாப்பாட்டு பார்சல். ஆறு வயது மகளுக்கு நான்தான் பாடம் சொல்லித்தருகிறேன். பள்ளிக்கூடத்தில் போல பீரியட் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரம்கூட நடக்கவில்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது?
வாசகி, ஈரோடு

மெஸ் நடக்கும் வீட்டில் மணிக்கணக்கு அட்டவணை நிற்காது. கேஸ் தீரும், தண்ணீர் லாரி தாமதமாக வரும், திடீரென்று பத்து பார்சல் கூடும். ஒருநாள் அரைமணி தள்ளிப்போனால் அன்றைய பாடமே போய்விடும். அதனால் மணியை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு பாடத்தைச் சேர்த்துவிடுங்கள். ‘காலைப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பாய் விரிப்போம்’ என்று வைத்துக்கொண்டால், அது ஒன்பதரைக்கு நடந்தாலும் பத்துக்கு நடந்தாலும் மகளுக்குக் குழப்பம் வராது. கடைசிப் பாத்திரம் கவிழும் சத்தம் கேட்டதும் அவளே பாயை எடுப்பாள்.

ஆறு வயதுக்கு, பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டிய நேரம் நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். வாசிப்பு 15 நிமிடம், எண் 15 நிமிடம், எழுத்து 10 நிமிடம். வாசிப்பு முதலில் வரட்டும், அதற்குத்தான் தெளிந்த தலை வேண்டும். நடுவில் ஐந்து நிமிடம் வாசலுக்கு ஓடிவிட்டு வரட்டும். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் போன் வேறொருவர் கையில் இருக்க வேண்டும். ஆர்டர் கேட்டு இரண்டு அழைப்பு வந்தால் போதும், மூன்றாவது முறை நீங்கள் திரும்பி வரும்போது அவள் பாயில் இருக்கமாட்டாள். பாடத்தை இரவு ஏழு மணிக்குத் தள்ளாதீர்கள். அந்நேரம் நீங்களும் களைத்திருப்பீர்கள், பிள்ளைக்கும் கண் சொருகும்.

எந்த வேலைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். பலரும் ‘இதைப் பார்த்து எழுதிக்கொண்டிரு’ என்று நோட்டைக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போவார்கள். எழுத்துப் பழகும் வயதில் அது சரிவராது. ‘அ’வை வாலிலிருந்து தொடங்கி எழுதும் பிள்ளையும், ‘ட’வைக் கீழிருந்து மேலே இழுக்கும் பிள்ளையும் எழுதி முடித்ததைப் பார்த்தால் எழுத்து சரியாகவே இருக்கும். கை போன வழி நோட்டில் தெரியாது. வேகமாக எழுத வேண்டிய மூன்றாம் வகுப்பு வயதில்தான் அது கையைப் பிடித்து இழுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முதல் நாளே தெரிந்துவிடும்.

தனியாக விடக்கூடியவை வேறு: கத்தரிப்பது, ஒட்டுவது, படம் வரைவது, முன்பே வாசித்த கதையைத் திரும்பப் பார்ப்பது, சின்ன வெங்காயம் உரித்துப் பத்துப் பத்தாகக் கூறு கட்டுவது. வெங்காயக் கூறு எண் பாடமாகவும் ஆகும், உங்களுக்கு ஒத்தாசையும் ஆகும். ஆனால் மெஸ் அடுப்பும் பெரிய குண்டானும் இருக்கும் இடத்தில் பிள்ளையின் பாய் அடுப்படி நிலைப்படிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வடிகஞ்சி இறக்கும் நேரத்தில் எந்தப் பாடமும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு இருபது நிமிடம் ஒதுக்கி ஐந்து பழைய கவர்களில் ஐந்து நாளுக்கு உரியதைப் போட்டுவையுங்கள்: அன்றைக்கு வாசிக்க வேண்டிய சொல் அட்டைகள், ஒரு எண் வேலை, கத்தரிக்க ஒரு தாள். ‘இன்றைக்கு என்ன சொல்லித்தருவது’ என்று பாயில் உட்கார்ந்து யோசித்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு மூன்று. அவனோடு நோட்டைத் திறந்தால் இவள் வந்து பென்சிலைப் பிடுங்குகிறாள். தூங்கும் நேரத்தில் செய்யலாம் என்றால் இப்போது பகலில் தூங்குவதுமில்லை.
வாசகி, மதுரை

அவளுடைய பங்கை முதலில் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் மடியில் வைத்து ஒரு படக்கதை சொல்லுங்கள். அது முடிந்த பிறகுதான் அண்ணன் நோட்டு திறக்க வேண்டும். ‘கொஞ்சம் பொறு, அண்ணனை முடித்துவிட்டு வருகிறேன்’ என்ற வரிசையில் போனால் அவள் பொறுக்கமாட்டாள், மூன்று வயதில் யாரும் பொறுப்பதில்லை.

பிறகு, பாட நேரத்தில் மட்டும் பரணிலிருந்து இறங்கும் கூடை ஒன்று. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டம்ளர்கள், துணி கிளிப்புகளும் அவற்றைச் செருக விளிம்புள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவும், மூடியோடு நாலைந்து பெரிய பாட்டில்கள், ஒரு பழைய நோட்டும் தடித்த மெழுகுக் கலரும். மற்ற நேரத்தில் கூடை கண்ணில் படக்கூடாது, பட்டால் மூன்றே நாளில் சலித்துவிடும். வாரம் ஒருமுறை இரண்டு பொருளை மாற்றுங்கள்.

புளியங்கொட்டை, காய்ந்த மொச்சை, நிலக்கடலை, சட்டைப் பொத்தான், பட்டன் பேட்டரி போடும் பொம்மை எதுவும் அந்தக் கூடையில் வேண்டாம். மொச்சை மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறி உப்பிவிடும், எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். மூத்தவனுக்கு எண்ணக் கொடுக்கும் கொட்டைகளைப் பாடம் முடிந்ததும் எண்ணியே திரும்ப வாங்குங்கள். அதுவும் அவனுக்கு ஒரு கணக்கு.

ஐந்தரை வயது மகன் 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். ‘படம்’ என்று எழுதி வாசிக்கச் சொன்னால் விழிக்கிறான். எங்கே தவறு?
வாசகர், திருநெல்வேலி

அவனுக்குத் தெரிந்தது வரிசை. எழுத்து இன்னும் தெரியவில்லை. ‘ம’ என்ற ஒரே எழுத்தை அட்டையில் எழுதிக் காட்டுங்கள். க, ங, ச என்று உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து ‘ம’வைத் தொட்டால், அவன் பார்த்துச் சொல்லவில்லை, எண்ணிச் சொல்கிறான். வீட்டுப் பெரியவர்கள் ‘பானா, டானா’ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அது இன்னொரு தடை. பானா, டானா, இரண்டையும் சேர்த்தால் ‘பட’ எப்படி வரும்? எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள்: ப, ட, ம்.

வரிசையை ஒரு வருஷத்துக்கு மறந்துவிட்டு, எழுதச் சுலபமாகவும் சொல் ஆக்க வசதியாகவும் உள்ள எழுத்துகளில் தொடங்குங்கள். முதலில் ட, ப, ம, கூடவே ட், ம். இதற்குள்ளேயே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாக வாசித்துவிட்டால் பிள்ளையின் முகமே மாறிவிடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அடுத்து க, ல, ர: கடல், மரம், பல், கல், பகல், கப்பல். அதற்கடுத்து வ, ச, த, ள: வட்டம், சக்கரம், தளம், பள்ளம், பவளம். பத்தே எழுத்தும் புள்ளியும்தான், ஆனால் ஒரு மாதத்துக்கு வேண்டிய சொற்கள் கிடைக்கும்.

பிறகு கால் வாங்கும் எழுத்துகள்: பால், கால், மாடம். இங்கே ஒரு சிக்கல் வரும். காலும் ‘ர’வும் ஒரே மாதிரி இருக்கும், கீழே சாய்ந்து இறங்கும் வால்தான் வித்தியாசம். கையால் எழுதும்போது பெரியவர்கள் பலர் அந்த வாலை விட்டுவிடுகிறார்கள். பிள்ளை ‘பால்’ என்பதைப் ‘பரல்’ என்று வாசித்தால் உங்கள் கையெழுத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கால் பழகும்வரை ‘ர’வுக்கு வாலை நன்றாக இழுத்து எழுதுங்கள்.

இகர ஈகாரங்கள் சுலபமாகப் போய்விடும். உகரம் அப்படியில்லை, பதினெட்டும் பல சாயலில் மாறும். அகர வரிசைப்படி சொல்லித்தராமல் சாயல் பார்த்துப் பிரியுங்கள். கீழே நேர்க்கோடு இறங்குபவை ஒரு கூட்டம்: சு, பு, யு, வு. சுற்றி வளைபவை ஒரு கூட்டம்: கு, டு, மு, ரு, ழு, ளு. கடைசியில் மேலே ஏறுபவை ஒரு கூட்டம்: து, நு, ணு, லு, று, னு. ஙு, ஞு இரண்டும் வாசிக்கும் சொற்களில் வருவதே இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது கூட்டத்துக்கு நெடில் ஆக்கக் கால் போட்டால் போதும் என்பதை (து, தூ) பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்வான்.

கொம்பு வரும்போது நிதானமாகப் போங்கள். மற்றக் குறிகளெல்லாம் எழுத்துக்குப் பின்னாலோ மேலேயோ கீழேயோ ஒட்டும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் (‘டை’யில் வரும்) ஐகாரக் குறியும் மட்டும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி மட்டும் பின்னால் வரும். இடமிருந்து வலமாக நேராக வாசிக்கப் பழகிய பிள்ளை கொம்பைப் பார்த்ததும் அதைத் தனி எழுத்தாக நினைத்து நின்றுவிடும். கொம்பை உங்கள் விரலால் மூடுங்கள், ‘ப’ என்று சொல்லட்டும். விரலை எடுங்கள், ‘பெ’ என்று மாற்றட்டும். பெட்டி, பெரிய, செடி, தேள், மேடை. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். ஒற்றை பழகி ஒரு வாரம் கழித்து இரட்டை. அதன் பிறகு ஒகர ஓகாரத்துக்குத் தனி உழைப்பு வேண்டாம், கொம்பும் காலும் ஏற்கெனவே தெரிந்தவைதான். ஔகாரம் அரிதாகத்தான் வரும், அடுத்த வருஷத்துக்கு விடலாம்.

எழுதிப் பழக நோட்டுக்கு முன் தாம்பாளம். சலித்த ஆற்று மணலை, விரலால் கோடு இழுத்தால் அடித்தட்டு தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்புங்கள். கனமாகப் போட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும். ரவை போட்டால் எறும்பு, உப்புப் போட்டால் மழை நாளில் கட்டியாகிவிடும்.

வாசிக்க: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை நிலையாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதையை அச்செடுத்து, பிள்ளைக்குத் தெரிந்த சொல்லை அவனும் தெரியாததை நீங்களும் மாறி மாறி வாசியுங்கள். அரசுப் பாடநூல்களையும் தரவிறக்கிக்கொள்ளலாம். ‘வந்தது’ என்று அச்சில் இருப்பதை அவன் ‘வந்துச்சு’ என்று வாசித்தால் அதட்டாதீர்கள். பொருள் பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. ‘சரி, இங்கே எப்படி எழுதியிருக்கு பார்’ என்று விரல் வைத்துக் காட்டினால் போதும்.

மாமனார் பேரனுக்கு நாள்தோறும் ஒன்று முதல் நூறு வரை எழுத வைக்கிறார். நூற்று ஐந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறான். அவர் கோபிக்கிறார், இவன் அழுகிறான். பெரியவரிடம் எப்படிச் சொல்வது?
வாசகி, தஞ்சாவூர்

பிள்ளை கேட்டதைத்தான் எழுதியிருக்கிறான்: நூறுக்கு 100, ஐந்துக்கு 5. இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். இன்னும் நூறு முறை எழுதினாலும் அது வராது, பொருளைத் தொட்டுப் பார்த்தால்தான் வரும்.

பழைய துடைப்பத்திலிருந்து ஒரே அளவாக நறுக்கிய 120 ஈர்க்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாகக் கட்டட்டும். மெல்லிய ரப்பர் பேண்டு அறுந்துவிடும், தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர் நிற்கும். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. இப்போது நூற்று ஐந்து என்றால் ஒரு பெரிய கட்டும் ஐந்து உதிரியும். கழித்தலுக்கும் இதே குச்சிகள்தான். 32இல் 7 போக வேண்டுமென்றால் உதிரி போதாது, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். ‘கடன் வாங்குவது’ என்று சொல்லித்தருவதை அவனே கையால் செய்து பார்க்கிறான்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் எண் அட்டைகள் வெட்டுங்கள். எல்லாம் ஐந்து செ.மீ. உயரம். ஒன்று முதல் ஒன்பது வரை நான்கு செ.மீ. அகலம், 10 முதல் 90 வரை எட்டு செ.மீ., 100 முதல் 900 வரை பன்னிரண்டு செ.மீ. மொத்தம் 27 அட்டை. 100 அட்டையின் மேல் வலது ஓரம் ஒட்ட 5 அட்டையை வைத்தால் கடைசிச் சுழியம் மறைந்து 105 தெரியும். அகலம் முன்னே பின்னே இருந்தால் இலக்கம் சரியாக உட்காராது, அதனால் அளவுகோல் வைத்தே வெட்டுங்கள்.

மாமனாரிடம் ‘அப்படி எழுத வைக்காதீங்க மாமா’ என்று சொல்வதைவிட வேறு பொறுப்பைக் கொடுப்பது நல்லது. ‘மாமா, உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு வாய்க்கணக்கு வராது, சாயங்காலம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். பல்லாங்குழியில் பதினான்கு குழியிலும் ஐந்தைந்தாகப் போட்டால் மொத்தம் எத்தனை, படியில் எட்டு ஆழாக்கு என்றால் உழக்கில் எத்தனை ஆழாக்கு, பால் பாக்கிக்குச் சில்லறை எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்கு விரல் நுனியில் இருக்கும். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று அரிசியை அளந்து காட்டினால் அரை, கால், அரைக்கால் பின்னம் தானாகப் படியும். உங்கள் வீட்டில் அவர் இருப்பது பெரிய கொடுப்பினை.

நாளுக்கு ஒரு மணி நேரம்தான் சொல்லித்தர முடிகிறது. பள்ளியில் ஐந்து மணி நேரம் படிக்கிறார்களே?
வாசகி, சேலம்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. நாளுக்கு நான்கு மணி. ஓர் ஆசிரியர் முப்பது பிள்ளைகளுக்குப் பிரித்துத் தர வேண்டிய நேரம் அது. ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிக்க, தவறை உடனே திருத்திக்கொள்ளக் கிடைப்பது அதில் சில நிமிடங்களே. வீட்டில் 15 நிமிட வாசிப்பும் முழுக்க உங்கள் பிள்ளைக்குத்தான். எட்டு வயதுக்கு மேல் ஒன்றேகால் மணி ஆகட்டும். ஆனால் மற்ற நான்கு மணி நேரமும் பள்ளிப் பிள்ளைக்குக் கூட்டாளிகள் கிடைக்கிறார்கள், அதற்கு வீட்டுப் பாடம் ஈடாகாது. தெரு விளையாட்டு, நூலகத்தின் சிறுவர் பகுதி, சிலம்பமோ நீச்சலோ ஒன்று என்று வாரத்தில் மூன்று மாலையாவது மற்றப் பிள்ளைகளோடு கழிய வேண்டும்.

வீட்டில் படிக்க வைப்பது சட்டப்படி குற்றம் என்று பயமுறுத்துகிறார்கள். பின்னால் பள்ளியில் சேர்க்க முடியுமா?
தம்பதியர், கோவை

1.4.2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாம் பிரிவில் சொல்கிறது. வீட்டுக்கல்வியை அனுமதித்தோ தடுத்தோ அதில் தனிப் பிரிவு இல்லை. பெற்றோருக்குத் தண்டனையும் குறிப்பிடவில்லை. இந்த நிலைமை தெரிந்துதான் முடிவெடுக்க வேண்டும், ‘ஒன்றும் ஆகாது’ என்று யாராவது சொன்னதை நம்பி அல்ல.

பின்னால் சேர்க்க முடியும். நான்காம் பிரிவின்படி, இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் இது சுலபம். ஆனால் தனியார் பள்ளியின் 25 சதவீத இலவச ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்குத்தான். அந்த வயதைத் தாண்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும், அதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு வழியும் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது முடிந்தவர்கள் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என்ற நிலைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும்.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீட்டுக்கு ஆசிரியர்கள் வருவதுண்டு. அவர்களிடம் மறைக்காமல் பேசுங்கள். மாதத்துக்கு நான்கு தாள் (வாசித்த பட்டியல், எழுதியது, கணக்கு, ஒரு படம்) தேதி போட்டு ஒரு ஃபைலில் இருந்தால் காட்டலாம், பின்னால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கவும் அது உதவும். பிறப்புச் சான்றும் தடுப்பூசி அட்டையும் அதே ஃபைலில் இருக்கட்டும்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குத் தவறிவிடுவது மருத்துவப் பரிசோதனைதான். ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள் முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்குத் தவணை, பத்து வயதில் டிடி ஊசி (ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பு), பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கிடைக்கும். கண்ணையும் வருஷம் ஒருமுறை பரிசோதியுங்கள். கரும்பலகை இல்லாத வீட்டில் கிட்டப்பார்வை வெகு தாமதமாகத்தான் தெரியவரும்.

சமையல் முடியும்வரை செல்போனில் பாட வீடியோ போட்டுக் கொடுக்கலாமா?
வாசகி, திண்டுக்கல்

ஏழு வயதுக்குக் கீழே, கூட யாரும் இல்லாமல் வேண்டாம். பாட்டுப் பாடிக் கைதட்டும் வீடியோவைப் பார்த்தபின் ‘என்ன பார்த்தாய்’ என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. கதை கேட்கக் கொடுக்கலாம், திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

நாத்தனார் கல்யாணம், பிறகு காய்ச்சல் என்று மூன்று வாரம் பாடமே நடக்கவில்லை. விட்டதை எப்படிப் பிடிப்பது?
வாசகி, விருதுநகர்

பிடிக்க வேண்டாம். இரண்டு பங்கு பாடம் நடத்தினால் பிள்ளை பாயைக் கண்டாலே ஓடும். விட்ட இடத்துக்கு இரண்டு வாரம் முந்தைய கவரை எடுத்து, முதல் மூன்று நாள் அதையே வாசிக்க வையுங்கள். எழுத்துகளில் முதலில் மறந்துபோவது கொம்பு, எண்ணில் பத்தைத் தாண்டும் கழித்தல். அவை இரண்டையும் நான்காம் நாள் மட்டும் சோதியுங்கள். சரியாக வந்தால் ஐந்தாம் நாள் புதுப் பாடம், வராவிட்டால் இன்னும் ஒரு வாரம் குச்சியும் சொல் அட்டையும்.